அம்மா பிரிக்கப்போகும் பொட்டலம்: தாளா, துணியா, டப்பாவா?

என் அம்மா பரிசுப் பொட்டலத்தைக் கிழித்து நான் பார்த்ததே இல்லை. முதலில் நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். செலோ டேப் எங்கே ஒட்டியிருக்கிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடிப்பார். அப்புறம் அப்பாவின் பழைய பிளேடு ஒன்றைத் தேடி எடுத்துவந்து ஓரத்தில் மெல்லக் கீறுவார். தாள் ஒரு கீறலும் இல்லாமல் முழுசாக வெளியே வந்ததும் அதை நான்காக மடித்து மெத்தைக்கு அடியில் வைப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது அதற்குப் பிறகுதான். சேலத்து வீட்டில் அந்த மெத்தைக்கு அடியில் நான் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தின் தாள் இன்னும் இருக்கிறது. கடிகாரம் எப்போதோ நின்றுவிட்டது.

வரும் ஆவணியில் அவருக்கு 65 முடிகிறது. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை மண்டபம் பிடித்துச் செய்தோம். அம்மாவின் அறுபது எப்போது வந்து போனது என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, ஜாதகத்தில் இன்னொரு தேதி என்று இருந்தால் இப்படித்தான் ஆகும். இந்த முறை நட்சத்திரத்தையே பிடித்துக்கொள்வது என்று அக்காவும் நானும் முடிவு செய்தோம். பரிசும் வாங்கியாகிவிட்டது: அரக்கு நிறத்தில் ஒரு மைசூர் சில்க். 1912-ல் மைசூர் மகாராஜா தொடங்கிவைத்த ஆலையின் வழிவந்த, கர்நாடக அரசின் பட்டு நிறுவனமான கே.எஸ்.ஐ.சி.யின் புடவை. பெங்களூரில் பிழைக்கிற பிள்ளை ஊருக்கு எடுத்துப்போக இதைவிட நல்லதாக எனக்கு எதுவும் தோன்றவில்லை. அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தேன், 35 செ.மீ. நீளம், 25 அகலம், 5 உயரம். அதன் மேல் என்ன சுற்றுவது என்பதில்தான் பத்து நாளாகக் குழப்பம்.

குழப்பத்துக்குக் காரணம் மூன்று. ஒன்று, பயணம். பெங்களூரில் நான் இருக்கும் அல்சூரிலிருந்து மடிவாளா போய் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் கணவாய் எல்லாம் தாண்டி சேலம் போக வேண்டும். சுமார் 200 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் மனிதர்களே கசங்காமல் பஸ் ஏற முடியாது, பொட்டலம் எம்மாத்திரம். இரண்டு, அம்மாவின் விரல்கள். இரண்டு வருடமாகக் காலை நேரத்தில் மூட்டுகள் மடங்க மறுக்கின்றன. ஊறுகாய் பாட்டில் மூடியை அக்காதான் திறந்து கொடுக்கிறாள். மூன்று, அந்த மெத்தை. நான் எதைச் சுற்றினாலும் அது குப்பைக்குப் போகப்போவதில்லை. அப்படியென்றால், கொஞ்சம் உபயோகமானதாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே!

பளபளக்கும் கடைத் தாளை முதலில் கழித்துவிடுகிறேன். அதற்கு ஒரு வசதி உண்டு. 50-க்கு 70 செ.மீ. தாள் ஒன்று புடவைப் பெட்டிக்குச் சரியாகப் போதும். பெட்டியைச் சுற்றி வர 60, மேலே ஒட்ட 3. நீளவாக்கில் 35, இரு முனையிலும் மடிக்க நாலு நாலு. பத்து நிமிட வேலை. இந்தப் பூப்போட்ட தாள் வழக்கமே ஒரு தட்டுப்பாட்டில் பிறந்ததுதான். 1917 கிறிஸ்துமஸ் சமயத்தில், அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹால் சகோதரர்களின் கடையில் சுற்றிக் கொடுக்கும் டிஷ்யூ தாள் தீர்ந்துபோனது. கடித உறைக்கு உள்பக்கம் ஒட்டுவதற்காக வைத்திருந்த பிரெஞ்சுத் தாளை எடுத்து வெளியே வைத்தார்கள். அது டிஷ்யூவைவிட வேகமாக விற்றது. பின்னாளில் ஹால்மார்க் ஆனது அந்தக் கடைதான். சரி, கதை நன்றாக இருக்கிறது, ஆனால் இன்று நம் கடைகளில் மினுங்கும் தாளில் பாதி தாளே கிடையாது. கையில் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே இருந்தால் தாள். மெல்ல விரிந்து பழைய நிலைக்கு வந்தால் பிளாஸ்டிக் படலம். படலம் மறுசுழற்சிக்குப் போகாது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்த ஒருமுறை பிளாஸ்டிக் பட்டியலில் இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ் மீது சுற்றும் படலமும் இருக்கிறது. பரிசுப் பெட்டிமேல் அதையே நான் எதற்குச் சுற்ற வேண்டும்?

செய்தித்தாளில் சுற்றுவது அழகு என்று ஒருவர் சொல்லக் கேட்டு ஒருமுறை செய்திருக்கிறேன். தமிழ் எழுத்து தெரியும்படி மடித்து, சிவப்பு நூல் கட்டி, பார்க்க உண்மையிலேயே ஜோராக இருந்தது. அம்மா வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வரிசையாகக் கண்ணீர் அஞ்சலி, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. "நல்ல நாளும் அதுவுமா இதுதான் கெடச்சுதா கண்ணு?" என்றதோடு விட்டுவிட்டார். அக்கா இன்னும் விடவில்லை. அது ஒருபுறம் இருக்க, அச்சு மை பட்டில் ஒட்டும். தின்பண்டம் என்றால் செய்தித்தாள் கூடவே கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுவோம்.

காக்கித் தாள் வேறு ஜாதி. ஜூன் மாதம் நோட்டுகளுக்கு அட்டை போட்ட எல்லோருக்கும் அதை எப்படி மடிப்பது என்று கைக்கே தெரியும். சுருளாக வாங்கினால் எந்த அளவுப் பெட்டிக்கும் ஒட்டுப் போடாமல் சுற்றலாம். அவென்யூ ரோட்டில் கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே மலிவாகக் கிடைக்கிறது. வெறும் காக்கி அழுமூஞ்சியாகத்தான் இருக்கும், ஆனால் அதுவே அதன் பலம். அதன் மேல் எதை வேண்டுமானாலும் வரையலாம். எனக்குத் தோன்றிய யோசனைகளில் எனக்கே மிகவும் பிடித்தது இதுதான்: அம்மாவின் கோலத்தை அதன் மேல் போடுவது. அவரிடம் ஒரு கோல நோட்டு இருக்கிறது, கல்யாணத்துக்கு முன்னிருந்தே. புள்ளி வைத்து, பெயர் எழுதி, யாரிடம் கற்றது என்றுகூடக் குறித்திருப்பார். அக்காவை ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, வெள்ளை போஸ்டர் கலரும் மெல்லிய தூரிகையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிக்குக் கோலம் வேண்டாம் என்பதை அரை மணியில் கற்றுக்கொண்டேன். ஒரு வளைவு தப்பினால் கோடு எங்கோ போய் நிற்கிறது, அம்மா அதைத்தான் முதலில் பார்ப்பார். நேர்ப்புள்ளித் தாமரை பரவாயில்லை. நிஜ மாக்கோலமாகவே இருக்கட்டும் என்று அரிசிமாவைக் கரைத்துப் போட்டும் பார்த்தேன். காய்ந்து, தாளை மடித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது.

வரைய வராதவர்களுக்கு வெண்டைக்காய் இருக்கிறது. முற்றிய காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து மூலைப் பூ. ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கலரைத் தடவி அழுத்தினால் தாள் முழுக்கப் பூ. வீட்டில் நாலைந்து வயதுப் பேரப்பிள்ளை இருந்தால் இந்த வேலையை அப்படியே ஒப்படைத்துவிடலாம், எந்தப் பாட்டியும் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்வார். பிளாஸ்டிக் ரிப்பனுக்குப் பதில் வாழைநார் கட்டலாம், நனைத்துக் கட்டினால் ஒடியாது. கே.ஆர். மார்க்கெட்டில் விடிகாலையில் போனால் பூக்கட்டுகிறவர்களிடமே நார் கேட்டு வாங்கலாம். முடிச்சில் பூ செருக ஆசைப்பட்டால் மல்லிகையை விட்டுவிட்டு மரிக்கொழுந்தை எடுங்கள். இங்கே அதை தவனம் என்கிறார்கள். மல்லிகை சேலம் போவதற்குள் பழுப்பாகிவிடும். மரிக்கொழுந்து காய்ந்தாலும் வாசனை போகாது.

காக்கித் தாளின் குறை இரண்டு. ஆவணியில் பெங்களூர் தூறலுக்கும் அதற்கும் ஆகாது. மேலும் ஒட்ட டேப் வேண்டும், டேப்பைப் பிரிக்க விரல் நுனிக்குப் பலம் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு சின்ன வழி உண்டு. டேப்பின் ஒரு முனையை அரை சென்டிமீட்டர் உள்பக்கமாக மடித்து ஒட்டினால் பிடித்து இழுக்க ஒரு வால் கிடைக்கும். பிளேடு தேட வேண்டாம், தாளும் கிழியாது. எந்தத் தாளில் சுற்றினாலும், வயதானவர்களுக்குக் கொடுப்பதென்றால் இதைச் செய்யலாம்.

இதே காக்கிக்குப் பதில் பழைய கடிதங்களை நகலெடுத்துச் சுற்றலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. விடுதியில் இருந்தபோது அம்மா எழுதிய இன்லண்ட் கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. "ரசத்துக்குப் புளியைக் குறைச்சுப் போடு" என்பது மாதிரி விஷயங்கள் நிறைந்தவை. பெரிய தாளில் நகலெடுத்தால் நல்ல சுற்றுத்தாள் ஆகும். ஆனால் பெட்டியைக் கையில் கொடுத்ததும் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கடிதத்தைப் படிக்க ஆரம்பிப்பார். படித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். புடவை பாவம், உள்ளேயே கிடக்கும். பரிசு சின்னது, சுற்றுவதுதான் பெரிசு என்கிற நாளுக்கு இதை எடுத்து வைத்திருக்கிறேன்.

இனி துணி. ஜப்பானியர் இதை ஃபுரோஷிகி என்கிறார்கள். குளியல், விரிப்பு என்ற இரண்டு சொற்கள் சேர்ந்த பெயர். பொதுக் குளியலறைக்குப் போனவர்கள் உடைகளை முடிந்துகொண்ட துணியிலிருந்து வந்தது. 2006-ல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யுரிகோ கொய்கே, பிளாஸ்டிக் பைக்கு மாற்றாக இதை மறுபடி கொண்டுவரப் பாடுபட்டார். நமக்கு இதை ஜப்பானிலிருந்து கற்க அவசியமில்லை. கட்டுச்சோற்றைத் துண்டில் முடிந்தவர்கள், முந்தானையில் காசு முடிந்தவர்கள் நாம். தமிழ்நாடு அரசே 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று சொல்லித் துணிக்குத் திரும்பச் சொன்னது. ஜப்பானியரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அளவுக் கணக்கு மட்டும்தான்: சதுரத் துணியின் மூலைவிட்டம், பெட்டியின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ரவிக்கைத் துணி! சாதாரண டூ-பை-டூ துணி 90 செ.மீ. அகலம் வரும். 90 செ.மீ. நீளத்துக்கே வெட்டச் சொன்னால் அச்சுச் சதுரம். மூலைவிட்டம் 127, மூன்றால் வகுத்தால் 42. என் பெட்டி 35 தான். தாராளமாகப் போதும், முடிச்சுக்கு நல்ல வால் கிடைக்கும். வெற்றிலை பாக்கோடு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுப்பது நம் வழக்கம் வேறு. கொலுவுக்குக் கொலு தெருவையே சுற்றி, கடைசியில் கொடுத்த வீட்டுக்கே திரும்பி வரும் அந்த மொடமொடப்பான ரவிக்கைத் துணிகளைச் சொல்லவில்லை. புடவைக்கு ஏற்ற நிறத்தில், சிக்பேட்டையில் நின்று பார்த்து எடுத்த பருத்தியைச் சொல்கிறேன். புடவையோடு வருகிற பட்டு ரவிக்கை அம்மாவுக்குப் புழுங்கும், பருத்திதான் ஒத்துக்கொள்ளும். ஆக மெத்தைக்கு அடியில் போகாமல் தையல்காரரிடம் போகிற ஒரு சுற்று இது.

பட்டுக்கும் இது நல்லது. பட்டைப் பிளாஸ்டிக் உறையில் பூட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும், சரிகை கறுக்கும். காற்றுப் புகுந்து வரும் பருத்தியில் சுற்றிப் பீரோவில் வைப்பதுதான் பழைய பாடம். பழைய வேட்டியைக் கிழித்துப் பட்டுப் புடவைக்கு உறை போட்ட பாட்டிகள் எல்லோர் வீட்டிலும் உண்டு. துணியில் ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும், சாயம். ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை தெரிந்தால் அதைப் பட்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

துணிக்கு டேப் வேண்டாம், முடிச்சுதான் எல்லாம். அம்மாவின் விரலை நினைத்து இதில்தான் அதிக நேரம் செலவழித்தேன். வலது முனையை இடதின் மேல் போட்டுக் கட்டி, அடுத்து இடது முனையை வலதின் மேல் போட்டுக் கட்டினால் முடிச்சு தட்டையாக, இரண்டு காதும் பக்கவாட்டில் நிற்கும். இரண்டு முறையும் வலதையே மேலே போட்டால் முடிச்சு குறுக்கே திரும்பிக்கொள்ளும். ஒன்று நழுவும், இல்லை இறுகும். முதல் வகை முடிச்சை அவிழ்க்க நகம் வேண்டாம். ஒரு காதையும் அதே பக்கத்துத் துணியையும் பிடித்து எதிரெதிராக நேராக இழுத்தால் மற்ற முனை அதன் மேல் வளையமாகச் சரிந்துவிடும், அப்படியே உருவி எடுக்கலாம். வீட்டில் தலையணைக்குக் கட்டிக் கட்டி அவிழ்த்துப் பார்த்தேன். எனக்கு வருகிறது. அம்மாவுக்கு வருமா என்ற சந்தேகத்தில், இரண்டாவது முடிச்சை ஷூ லேஸ்போல ஒற்றைப் பூமுடிச்சாகப் போட்டேன். வாலை இழுத்தால் போதும், அவிழும்.

அல்சூரில் இருந்துகொண்டு மூடி வைப்பதைப் பற்றிப் பேசும்போது ஏரிக்கரை வள்ளுவரை நினைக்காமல் இருக்க முடியாது. 1991-ல் நிறுவப்பட்ட சிலை, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. 18 வருடம் மூடியே நின்றார். அந்த முடிச்சு துணியில் இல்லை, மொழிச் சண்டையில் இருந்தது; அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.

பாத்திரத்துக்குள் வைத்துக் கொடுப்பதும் எங்கள் பக்கம் எடுபடும். எவர்சில்வர் டப்பா, தூக்குச்சட்டி, சம்படம் எதுவானாலும் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். அம்மாவின் பெயரை வெட்டச் சொல்லுங்கள். வீட்டுப் பாத்திரங்களில் எல்லாம் அப்பா பெயரோ கல்யாணத்துக்கு மொய் வைத்தவர் பெயரோதான் இருக்கும். தோடு, மூக்குத்தி, கொலுசு என்றால் அஞ்சறைப்பெட்டியைத் தோற்கடிக்க எதுவும் இல்லை. நாலு கிண்ணத்தில் கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம் நிரப்பி, ஐந்தாவதில் பரிசு. பஸ்ஸில் நசுங்காது, மழையில் நனையாது, மறுநாளே அடுப்படியில் வேலைக்குச் சேர்ந்துவிடும். ஆனால் இரண்டு சிக்கல். புது டப்பாவின் மூடி இறுக்கமாக இருக்கும்; வலிக்கிற விரலுக்கு அதைவிடத் தண்டனை இல்லை. கடையிலேயே நாலு முறை திறந்து மூடிப் பார்த்து, சுலபமாக வருவதை எடுக்க வேண்டும். இன்னொன்று, அம்மாக்களுக்குப் பாத்திரமே போதும். "நல்ல கனமான டப்பா" என்று தட்டிப் பார்த்துவிட்டு மேலே எடுத்து வைத்துவிடுவார்கள், உள்ளே திறந்து பார் என்று நாம்தான் சொல்ல வேண்டும். எப்படியும் என் புடவைப் பெட்டிக்குப் பொருந்தும் பாத்திரம் அண்டாதான்.

சென்னபட்டணத்து மரச்செப்புகளும் இதே வரிசை. பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் 60 கிலோமீட்டர். வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றியவை. குங்குமச் சிமிழ் அளவுக்குப் பரிசு இருந்தால் எடுங்கள், மூடி வழவழப்பாகத் திரும்பும். கர்நாடக அரசின் கைவினைக் கடையான காவேரி எம்போரியத்திலும் கிடைக்கும். செட்டிநாட்டு ஓலைக் கொட்டானைப் பார்த்தால் எனக்கு எப்போதும் கை நீளும். திறக்க மூடியே இல்லை என்பது அதன் பெரிய குணம், மேலே ஒரு துணியை மூடினால் போதும். பஸ் பரணில் மேலே ஒரு சூட்கேஸ் வந்து உட்கார்ந்தால் கொட்டான் தட்டாகிவிடும் என்பதால் விட்டேன்.

இலையைப் பற்றி ஒரு வரி. மந்தாரை இலையிலோ வாழை இலையிலோ சுற்றி நாரால் கட்டிய பொட்டலத்தின் அழகு எந்தத் தாளுக்கும் வராது. அம்மா உங்களோடு பெங்களூரிலேயே இருந்தால், காலையில் சுற்றிக் காலையிலேயே கையில் கொடுப்பதானால் செய்யுங்கள். உள்ளே துணி இருந்தால் மட்டும் வேண்டாம், இலைக்கறை போகாது.

ஆக எனக்கு மிச்சம் நின்றவை கோலம் போட்ட காக்கியும் ரவிக்கைத் துணியும். மனசு கோலத்தின் பக்கம் சாய்ந்தது, உழைத்தவன் நான் அல்லவா! ஆனால் மடிவாளாவையும் தூறலையும் நினைத்தால் தாள் பயமாக இருக்கிறது. கடைசியில் துணியைச் சுற்றுவது என்றும், கோலத்தை உள்ளங்கை அளவுக் காக்கி அட்டையில் போட்டு முடிச்சில் தொங்கவிடுவது என்றும் முடிவாயிற்று. அம்மா பெங்களூரில் இருந்திருந்தால், அல்லது இது புடவையாக இல்லாமல் புத்தகமாக இருந்திருந்தால், காக்கிக்கே போயிருப்பேன்.

முடிவைச் சொல்ல அக்காவுக்கு போன் செய்தேன். முழுக்கக் கேட்டாள். கணக்கை, மூலைவிட்டத்தை, பூமுடிச்சை எல்லாம்.

"எல்லாஞ் சரிடா. லைனிங் எடுத்தியா?"

"எதுக்கு?"

"டூ-பை-டூ மெல்லிசா இருக்கும். லைனிங் வைக்காம டெய்லர் எப்படித் தைப்பாரு?"

சனிக்கிழமை மறுபடி சிக்பேட்டை போய் அரக்குக்கு ஏற்ற லைனிங் ஒரு மீட்டர் எடுத்துவந்தேன். பெட்டிக்குள் கடைக்காரர் வைத்த தாளை எடுத்துவிட்டு, புடவையை இந்த லைனிங்கில் சுற்றி வைக்கப்போகிறேன். லைனிங் சுருங்கும், நனைத்துக் காயவைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றாள் அக்கா. நனைத்ததில் சாயமும் தெரிந்துவிட்டது, இறங்கவில்லை. பால்கனிக் கொடியில் தொங்குகிறது. இரண்டு நாளாகத் தூறல் விடவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் காய வேண்டும்.